கேட்காமல் தண்டிக்கலாமா?
அரசு வேலையும் பதவி நீக்கமும் பற்றிய ஒரு பேச்சு

 

இன்றைய பேச்சு வேலையைப் பற்றியது. வேலை கிடைப்பதைப் பற்றி அல்ல. கிடைத்த வேலை கையை விட்டுப் போவதைப் பற்றியது.

"கால் காசு உத்தியோகம் ஆனாலும் கவர்மென்ட் உத்தியோகம்" என்று ஊரில் சொல்வார்கள். அரசு வேலை கிடைத்துவிட்டால் அதை யாரும் அசைக்க முடியாது என்பது பலருடைய எண்ணம். அது முழு உண்மை இல்லை. அரசு வேலையும் போகும். பெரிய பதவியில் இருப்பவரைச் சின்னப் பதவிக்கு இறக்கவும் முடியும். அதற்கு எதிரான பேச்சும் ஒன்று உண்டு. "மேலதிகாரி நினைத்தால் போதும், ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்" என்பார்கள். அதுவும் உண்மை இல்லை.

உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தவறு செய்த ஊழியரை அரசு தண்டிக்கலாம். ஆனால் அவரைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது. இதுதான் இந்தப் பேச்சின் சாரம். மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

மூன்று பெரிய தண்டனைகள்

ஊழியருக்குக் கொடுக்கும் தண்டனைகளில் சிறியவை உண்டு, பெரியவை உண்டு. கண்டிப்பது சிறிய தண்டனை. பெரிய தண்டனைகளில் முக்கியமானவை மூன்று.

முதலாவது, பதவி இறக்கம். மேல்நிலை எழுத்தரைக் கீழ்நிலை எழுத்தர் ஆக்குவது இதற்கு உதாரணம். வேலை இருக்கும். ஆனால் பதவியும் சம்பளமும் குறையும்.

இரண்டாவது, பணிநீக்கம். வேலை போய்விடும். ஆனால் வேறொரு அரசு வேலைக்கு மனுப் போடப் பொதுவாகத் தடை இருக்காது.

மூன்றாவது, டிஸ்மிஸ். இதைப் பணியறவு என்று எழுதுவார்கள். வேலையும் போகும். இனி அரசு வேலைக்கு வரும் வழியும் பொதுவாக அடைபடும்.

பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவரை இப்படி நீக்கினால், அவர் அதுவரை செய்த சேவையும் கணக்கில் இல்லாமல் போகும். முப்பது வருடம் உழைத்தவரும் ஓய்வூதியத்தை இழக்க நேரிடும். வீட்டு வாடகை, பிள்ளையின் படிப்பு, பெண்ணின் கல்யாணம் எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் ஆடிப்போகும். அதனால்தான் இது சட்டப் புத்தகத்தோடு முடிந்துவிடும் விஷயம் இல்லை. அடுப்பங்கரை வரை வரும் விஷயம்.

பழைய காலமும் புதிய சட்டமும்

வெள்ளைக்காரர் ஆட்சியில் அரசு ஊழியர் இங்கிலாந்து மன்னரின் விருப்பம் உள்ளவரைதான் வேலையில் இருக்கலாம் என்பது விதி. விருப்பம் போனால் வேலை போகும். பிறகு, 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு வந்தது. தண்டிக்கும் முன் ஊழியர் தம் பக்கத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் தர வேண்டும் என்று அது சொன்னது.

அந்தப் பாதுகாப்பைப் பெரிய அதிகாரிகளுக்கே கொடுக்காமல் விட்டது உண்டு. 1940-ல் ஓர் இந்திய ஐ.சி.எஸ். அதிகாரி சரியாகக் கேட்கப்படாமலே டிஸ்மிஸ் செய்யப்பட்டார். அவர் வழக்குப் போட்டார். வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. அவரை நீக்கியது செல்லாது என்று 1948-ல் தீர்ப்பு வந்தது. எட்டு வருடம் ஆயிற்று.

1950 ஜனவரி 26-ல் இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் 310, 311 என்று இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. 310 பழைய விதியைத் தொடர்கிறது. மத்திய அரசு ஊழியர் குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரையும், மாநில அரசு ஊழியர் ஆளுநரின் விருப்பம் உள்ளவரையும் வேலையில் இருப்பார் என்கிறது. 311 அந்த விருப்பத்துக்கு வேலி போடுகிறது. அந்த வேலிக்கு இரண்டு கம்பங்கள்.

முதல் கம்பம்: ஓர் ஊழியரை வேலையில் அமர்த்திய அதிகாரிக்குக் கீழே உள்ளவர் அவரை நீக்க முடியாது. மாவட்ட அதிகாரி கொடுத்த வேலையைத் தாலுகா அதிகாரி பறிக்க முடியாது.

இரண்டாவது கம்பம்: நீக்குவதற்கும் பதவி இறக்குவதற்கும் முன் விசாரணை நடத்த வேண்டும். என்ன குற்றம் என்று ஊழியருக்குச் சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்லப் போதிய சந்தர்ப்பம் தர வேண்டும்.

"போதிய சந்தர்ப்பம்" என்றால் என்ன? 1957-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. குற்றத்தை மறுத்துப் பேச வழி வேண்டும். எதிராகச் சாட்சி சொல்பவரைக் குறுக்குக் கேள்வி கேட்க வழி வேண்டும். தம் பக்கத்துச் சாட்சியைக் கொண்டுவர வழி வேண்டும். வெறுமனே கூப்பிட்டு, "என்னப்பா சொல்கிறாய்?" என்று கேட்டுவிட்டு அனுப்புவது விசாரணை ஆகாது.

இந்தப் பாதுகாப்பு ஊழியருக்கு மட்டும் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஒரு வார்த்தையில் வேலையை இழக்கக் கூடிய ஊழியர், மேலே இருப்பவர் சொல்வதை எல்லாம் செய்வார். பட்டியலில் பெயரை அடி என்றால் அடிப்பார். பொய்க் கணக்கு எழுது என்றால் எழுதுவார். அதனால் கஷ்டப்படுவது பொதுமக்கள்தான். ஊழியர் பயமில்லாமல் நேர்மையாக இருக்க இந்த வேலி தேவை.

யாருக்கு இந்தப் பிரிவு?

மத்திய அரசிலும் மாநில அரசிலும் சிவில் பதவி வகிப்பவர்களுக்கு 311-ஆம் பிரிவு பொருந்தும். ராணுவத்தினருக்குத் தனிச் சட்டம் உண்டு. அரசு நிறுவனங்கள், வங்கிகள், மின்வாரியம், நகராட்சி போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் அங்கும் சொந்த விதிகள் இருக்கின்றன. தொழிலாளர் சட்டங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசும் அரசு நிறுவனமும் யாரையும் நியாயமில்லாமல் நடத்தக் கூடாது என்ற பொது விதி இருக்கிறது. "கேட்காமல் தண்டிக்காதே" என்பது அவர்களுக்கும் உண்டு.

கிராமத்துத் தபால் ஊழியரை எடுத்துக்கொள்ளலாம். அவர் முழுநேர ஊழியர் இல்லை. அவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் வகிப்பதும் சிவில் பதவியே என்று 1977-ல் தீர்ப்பு வந்தது. ஆகவே அவரையும் விசாரிக்காமல் நீக்க முடியாது. ஆனால் அங்கன்வாடி ஊழியர் வகிப்பது சிவில் பதவி இல்லை என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரே தெருவில் வேலை பார்க்கும் இருவருக்குச் சட்டம் இரண்டு விதமாக இருக்கலாம். தம் வேலை எந்த வகை என்று ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நியமன உத்தரவைப் படித்தால் அது தெரியும்.

ஒவ்வொரு படியிலும் ஒரு காகிதம்

ஒரு விசாரணை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு படியும் ஒரு காகிதமாகத்தான் வரும்.

முதலில் சஸ்பெண்ட் உத்தரவு வரலாம். இதைத் தற்காலிகப் பணிநீக்கம் என்பார்கள். இது தண்டனை இல்லை. விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து ஒதுக்கி வைப்பது. இந்தக் காலத்தில் பிழைப்பூதியம் கொடுக்க வேண்டும். மத்திய அரசு விதிப்படி முதல் மூன்று மாதம் ஏறக்குறைய அரைச் சம்பளமும் அதற்குரிய பஞ்சப்படியும் கிடைக்கும். விசாரணை தாமதமாவது ஊழியரின் குற்றம் இல்லை என்றால் பிறகு அதைக் கூட்டலாம். அவர்தான் தாமதத்துக்குக் காரணம் என்றால் குறைக்கவும் செய்யலாம்.

சஸ்பெண்டை வருடக்கணக்கில் இழுக்கவும் கூடாது. மத்திய அரசு ஊழியர் என்றால் 90 நாளுக்குள் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும். குற்றச்சாட்டு மெமோ கொடுக்காமலே மூன்று மாதத்துக்கு மேல் சஸ்பெண்டை நீட்டக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பிழைப்பூதியம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கோலார் தங்கவயல் வழக்கு ஒன்று சாட்சி. தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஊர் அது. அங்கே அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸில் ஒருவர் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தார். 1985 ஜூனில் போலீசார் அவருடைய வீட்டைச் சோதனை செய்தார்கள். தங்கமும் தங்கம் கலந்த மணலும் கிடைத்ததாக வழக்குப் போட்டார்கள். மறுநாளே அவர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்.

அவருக்குப் பிழைப்பூதியம் கொடுக்கவில்லை. அவர் கேரளத்தில் இருந்தார். உடம்பும் சரியில்லை. கையில் பணமும் இல்லை. விசாரணைக்கு வர முடியவில்லை என்று எழுதினார். விசாரணையை அவர் இல்லாமலே நடத்தி முடித்தார்கள். 1986-ல் டிஸ்மிஸ் செய்தார்கள். அடுத்த வருடம் குற்றவியல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சோதனையில் பொருள் கிடைத்தது என்பதே நிரூபணம் ஆகவில்லை. அப்போதும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1999-ல் தீர்ப்பு வந்தது. பிழைப்பூதியம் தராமல் விசாரணை நடத்தினால் அது ஒருவரைப் பட்டினி போட்டுக்கொண்டே பதில் கேட்பதாகும். அந்த விசாரணை செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நடுவில் பதினான்கு வருடம் போய்விட்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டாலே வேலை தானாகத் திரும்பக் கிடைக்காது. குற்றவியல் வழக்கு வேறு, துறை விசாரணை வேறு. தங்கவயல் வழக்கில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. அதே சோதனை, அதே சாட்சிகள். ஆகவே விடுதலைத் தீர்ப்பு அவருக்குக் கைகொடுத்தது.

அடுத்த காகிதம் குற்றச்சாட்டு மெமோ. என்ன தவறு, எந்தத் தேதி, எந்த இடம், யார் சாட்சி, எந்த ஆவணம் என்பது அதில் இருக்க வேண்டும். பதில் சொல்ல ஒரு கெடுவும் இருக்கும். இந்தக் கெடுவைத் தவற விடக் கூடாது. ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்றால் எழுத்தில் கேட்க வேண்டும். அவகாசம் வேண்டும் என்றால் அதையும் எழுத்தில் கேட்க வேண்டும்.

அதன் பிறகு விசாரணை அதிகாரி முன் நேரில் விசாரணை. அங்கே துறைக்காகப் பேச ஓர் அதிகாரி வருவார். ஊழியரும் தமக்கு உதவியாக இன்னொரு அரசு ஊழியரை வைத்துக்கொள்ளலாம். இந்த உரிமை பலருக்குத் தெரியாது.

இமாசலப் பிரதேசத்தில் ஒரு வனக் காவலர் இருந்தார். கடைநிலை ஊழியர். காட்டில் மரம் திருட்டுப் போனதில் அவருக்கும் பங்கு என்று விசாரணை நடந்தது. துறைக்காக அதிகாரி வந்து வாதாடினார். வனக் காவலருக்கு உதவ யாரும் இல்லை. உதவியாளர் வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. வேலை போயிற்று. 1983-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. விவரம் தெரியாத கடைநிலை ஊழியருக்கு அவருடைய உரிமையை எடுத்துச் சொல்வது துறையின் கடமை என்று சொன்னது. செய்த தவறுக்கு ஏற்ற அளவில்தான் தண்டனை இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அவரை வேலையில் திரும்பச் சேர்க்கச் சொல்லி, சம்பள உயர்வை நிறுத்தும் சிறிய தண்டனை போதும் என்று முடித்தது.

விசாரணை முடிந்ததும் விசாரணை அதிகாரி ஓர் அறிக்கை எழுதுவார். முன்பு பல இடங்களில் இந்த அறிக்கையை ஊழியர் கண்ணில் காட்டாமலே தண்டித்துவிடுவார்கள். அது தவறு என்று 1990-லும், பிறகு 1993-லும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அறிக்கையின் நகலை ஊழியருக்குக் கொடுக்க வேண்டும். அதில் உள்ள தவறுகளை அவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் முடிவு எடுக்க வேண்டும்.

விடுப்பு முடிந்து வராமல் இருந்தால்?

"விடுப்பு முடிந்து இத்தனை நாள் வராவிட்டால் வேலை தானாகப் போகும்" என்று சில விதிகள் இருந்தன. ஜோத்பூர் மத்திய சிறையில் ஒரு தலைமை வார்டர் 1950-ல் விடுப்பில் போனார். உடல்நலம் சரியில்லை என்று விடுப்பை நீட்டிக்கக் கேட்டார். அவர் வேலையை விட்டுவிட்டதாக வைத்து நீக்கிவிட்டார்கள். "அவராகத்தானே போனார், விசாரணை எதற்கு?" என்பது அரசின் வாதம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்காமல் நீக்குவதும் தண்டனையே என்று சொல்லிவிட்டது. அதற்காக, சொல்லாமல் கொள்ளாமல் மாதக்கணக்கில் போகலாம் என்று அர்த்தம் இல்லை. கேட்ட பிறகு, காரணம் சரியில்லை என்றால் தண்டிக்கலாம்.

பதவி இறக்கம்: எது தண்டனை, எது தண்டனை இல்லை?

பதவி இறக்கம் எல்லாமே தண்டனை இல்லை. இதை 1957-ல் வந்த திங்ரா வழக்கு விளக்குகிறது. அவர் ரயில்வே ஊழியர். மேல் பதவியைத் தற்காலிகமாகப் பார்த்துவந்தார். அவரைப் பழைய பதவிக்கே திருப்பி அனுப்பினார்கள். அது தண்டனை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். தற்காலிகமாகக் கிடைத்த பதவியில் அவருக்கு உரிமை இல்லை என்பது காரணம்.

ஆனால் அதே தீர்ப்பு இரண்டு கேள்விகளைத் தந்தது. அந்தப் பதவியில் அவருக்கு உரிமை இருந்ததா? இறக்கியதால் அவருடைய சம்பளம், பணி மூப்பு, வருங்காலப் பதவி உயர்வு ஆகியவற்றுக்குத் தண்டனை போல நஷ்டம் வந்ததா? ஏதாவது ஒன்றுக்கு "ஆம்" என்றால் அது தண்டனை. விசாரணை கட்டாயம்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஆமதாபாத் தபால் தந்தி அலுவலகத்தில் ஒருவர் நேரடியாக மேல்நிலை எழுத்தராகச் சேர்ந்தார். தண்டனையாக அவரைக் கீழ்நிலை எழுத்தர் ஆக்கினார்கள். 1988-ல் உச்ச நீதிமன்றம் அது முடியாது என்றது. ஏறி வந்த படியில்தான் ஒருவரை இறக்க முடியும். அவர் ஒருநாளும் நிற்காத படியில் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

தகுதிகாண் பருவத்தில் இருப்பவரும் தற்காலிக ஊழியரும்

புதிதாகச் சேர்ந்தவர் தகுதிகாண் பருவத்தில் இருப்பார். வேலை திருப்தியாக இல்லை என்றால் அவரை அனுப்பிவிடலாம். அதற்குப் பெரிய விசாரணை தேவையில்லை. ஆனால் ஒரு குற்றத்தைச் சாட்டி, அதற்குத் தண்டனையாக அனுப்பிவிட்டு, உத்தரவில் மட்டும் "விடுவிக்கப்படுகிறார்" என்று மென்மையாக எழுதினால்?

ஐதராபாத் போலீஸ் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஐ.பி.எஸ். அதிகாரிக்கு இப்படி நடந்தது. 1981-ல் ஒரு மழை நாள் காலை. பயிற்சியாளர்கள் பலர் உடற்பயிற்சிக்குத் தாமதமாக வந்தார்கள். அவரே காரணம் என்று அவரை மட்டும் அனுப்பிவிட்டார்கள். உத்தரவில் குற்றம் என்ற சொல்லே இல்லை. 1984-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவின் மேல்துணியை விலக்கிப் பார்த்தது. உள்ளே இருந்தது தண்டனைதான். விசாரிக்காமல் கொடுத்த தண்டனை செல்லாது என்று ரத்து செய்தது.

தினக்கூலி, ஒப்பந்த ஊழியர்களின் நிலைமை கடினமானது. முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்தவர்கள் நிரந்தரம் கேட்க உரிமை இல்லை என்று 2006-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பைக் காட்டியே பலர் நீக்கப்பட்டார்கள். 2024 டிசம்பரில் வேறொரு தீர்ப்பு வந்தது. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு வேலையும் தோட்ட வேலையும் பார்த்தவர்களின் வழக்கு அது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்தவர்களை 2018-ல் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். தினமும் தேவைப்படும் வேலையை வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டு, "தற்காலிகம்" என்ற பெயரைச் சொல்லி அவர்களைக் கைவிடக் கூடாது என்றது நீதிமன்றம். அவர்களைத் திரும்ப எடுத்து நிரந்தரம் ஆக்கச் சொன்னது.

விசாரணை இல்லாமலும் நீக்க முடியுமா?

முடியும். 311-ஆம் பிரிவிலேயே மூன்று விலக்குகள் இருக்கின்றன. குற்றவியல் நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்திருந்தால், அந்தக் குற்றத்துக்காக மறுபடி விசாரணை வேண்டியதில்லை. விசாரணை நடத்துவதே நடைமுறையில் முடியாது என்றால், அதற்கான காரணத்தை எழுதிவைத்துவிட்டு நீக்கலாம். நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று குடியரசுத் தலைவரோ ஆளுநரோ கருதினால் நீக்கலாம். 1985-ல் துளசிராம் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மூன்றும் செல்லும் என்று சொன்னது.

ஆனாலும் விலக்கைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. டில்லி பால் திட்டத்தில் ஒரு காசாளர் எழுத்தர் ஐந்நூறு ரூபாய் கையாடல் செய்தார். பணத்தைத் திருப்பிக் கட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருடைய குடும்பத் துன்பங்களைப் பார்த்த மாஜிஸ்திரேட் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விட்டார். துறை அவரை டிஸ்மிஸ் செய்தது. 1985-ல் உச்ச நீதிமன்றம் அந்த டிஸ்மிஸை ரத்து செய்தது. தண்டிக்கும் அதிகாரம் இருந்தால் நியாயமாகத் தண்டிக்கும் கடமையும் சேர்ந்தே வரும் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் அவசரச் சட்டத்தின் கீழ் ஒரே மூச்சில் நீக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்று அந்த ஆகஸ்டில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அரசும் பெரும்பாலோரைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. மீதிப் பேர்களின் முறையீட்டை ஓய்வுபெற்ற நீதிபதிகள் விசாரிக்க ஏற்பாடு ஆயிற்று.

தண்டனை வந்துவிட்டால் எங்கே போவது?

முதலில் மேல்முறையீடு. துறையிலேயே மேலதிகாரிக்கு எழுத வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கு 45 நாள் கெடு. மாநில விதிகளில் கெடு மாறலாம். தண்டனை உத்தரவு கைக்கு வந்த நாளையே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். மத்திய அரசு ஊழியருக்காக 1985-ல் இது தொடங்கியது. சென்னையிலும் இதன் அமர்வு உண்டு. கடைசி உத்தரவு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். மேல்முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பார்த்துவிட்டு, அதிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பாயத்தின் முடிவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம் என்று 1997-ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. மாநில ஊழியருக்குச் சில மாநிலங்களில் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. தமிழ்நாடு போல அது இல்லாத இடங்களில் நேராக உயர் நீதிமன்றம்தான்.

வழக்குக்குப் பணம் இல்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களுக்கும் உண்டு. தாலுகா நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் எல்லாச் சாட்சிகளையும் முதலிலிருந்து கேட்பதில்லை. விசாரணை ஒழுங்காக நடந்ததா, ஆதாரம் இருந்ததா, தண்டனை அளவுக்கு மீறியதா என்றுதான் பார்க்கும். துறை விசாரணையின் காகிதங்களை வைத்தே பார்க்கும். விசாரணையில் சொல்லாமல் விட்டதை நீதிமன்றத்தில் சொல்வது கடினம். அப்போது கெஞ்சியது, அழுதது, வாயால் சொன்னது எதுவும் காகிதத்தில் இருக்காது. எழுதிக் கொடுத்தது மட்டும் இருக்கும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. படித்துப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ போடக் கூடாது. புரியவில்லை என்றால் நம்பிக்கையானவரைப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

2. மெமோவை வாங்க மறுக்கக் கூடாது. மறுத்தால் குற்றம் போய்விடாது. பதில் சொல்லும் சந்தர்ப்பம்தான் போகும். வாங்கிக்கொண்டு, வாங்கிய தேதியைக் கையெழுத்துக்குக் கீழே எழுத வேண்டும்.

3. வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் கொடுக்கக் கூடாது. "ஒப்புக்கொள் விட்டுவிடுகிறோம்" என்ற பேச்சை நம்பி எழுதிக் கொடுக்கக் கூடாது.

4. எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்க வேண்டும். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

5. விசாரணைக்குப் போகாமல் இருக்கக் கூடாது. போக முடியவில்லை என்றால் காரணத்தை எழுதி அனுப்ப வேண்டும். தங்கவயல்காரருக்கு அந்தக் கடிதங்கள்தான் பதினான்கு வருடம் கழித்துக் கைகொடுத்தன.

6. நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, விடுப்பு விண்ணப்பம், மருத்துவச் சான்று எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும். துறையிடம் உள்ள ஆவணத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

நண்பர்களே, இந்தப் பேச்சில் வந்த வனக் காவலரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அவருக்கு உரிமை இருந்தது. அது விதியில் எழுதியும் இருந்தது. அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. டில்லி வரை போய்த்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது. அவரைப் போல எத்தனையோ பேர் டில்லி வரை போகாமல், வந்த காகிதத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்.

கையெழுத்துப் போடக் கற்றது நல்ல தொடக்கம். அந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதுதான் அடுத்த பாடம். தெருவில் யாருக்காவது அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால், அதை மையத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நாலு பேர் சேர்ந்து படியுங்கள். கெடு எந்த நாள் என்று முதலில் பாருங்கள்.